போடி ரயில்: இரண்டு முறை நின்று இரண்டு முறை திரும்பிய கதை

2011 ஜூன் மாதம் போடிநாயக்கனூரில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அந்தக் குழந்தை 2023 மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை எழுதியிருக்கும். இந்தப் பன்னிரண்டு வருடப் படிப்புக் காலத்தில் சொந்த ஊர் ரயில் நிலையத்துக்கு ஒரு பயணிகள் ரயில்கூட வந்து அது பார்த்திருக்காது. 2010 டிசம்பர் 31 அன்று கடைசி மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. அடுத்த ரயில் 2023 ஜூன் 15 அன்றுதான். நடுவில் ஒரு முழுத் தலைமுறை பள்ளிக்கூடம் முடித்து வெளியே போய்விட்டது.

இத்தனைக்கும் போடி ஒன்றும் சாதாரண ஊர் இல்லை. ஏலக்காய் வியாபாரத்தில் இந்தியா முழுக்கத் தெரிந்த பெயர். நகராட்சி. கோடிக்கணக்கில் பணம் புரளும் சந்தை. அப்படிப்பட்ட ஊருக்கு ஏன் ரயில் இல்லாமல் போனது? வந்த ரயில் யாருக்குப் பயன்படுகிறது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் 1928 வரை, அதற்கும் முன்னால் வரை போக வேண்டியிருக்கிறது.

மலை அடிவாரத்து ஊர்

மதுரையிலிருந்து மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி தாண்டிப் போனால் போடி. ரயில் பாதையில் மதுரைக்கும் போடிக்கும் சுமார் 90 கிலோமீட்டர். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. ஏனென்றால் அதற்கு மேல் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. சாலை மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி போடிமெட்டு போய், அங்கிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைகிறது.

அந்த மலைக்கு மேலேதான் ஏலக்காய்த் தோட்டங்கள் இருக்கின்றன. தோட்டம் கேரளத்தில், வியாபாரம் போடியில் என்று சொல்லலாம். தோட்ட முதலாளிகளில் பலர் தமிழர்கள். காலையில் இருட்டோடு ஜீப்பில் மலை ஏறி, தோட்ட வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் இறங்கி வரும் தொழிலாளர்கள் தேனி மாவட்டத்துக்காரர்கள். பறித்து உலர்த்திய காய் மலை இறங்கி வருகிறது. இங்கே சல்லடையில் சலித்து, அளவு வாரியாக 6 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று பிரிக்கிறார்கள். பச்சை நிறம் குறையாத பெரிய காய்க்கு விலை அதிகம். ரகம் பிரிக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் கையில். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் இணைய ஏலம் நடக்கும் ஊர்களில் இடுக்கியின் புற்றடி ஒன்று, போடி இன்னொன்று.

ஏலக்காய் தவிர காபி, மிளகு, மாங்காய், இலவம்பஞ்சு என்று பல சரக்கு போடியில் கைமாறுகிறது. தலையணை, மெத்தைக்குப் போகும் இலவம்பஞ்சுக்கும் இது பெயர் பெற்ற ஊர்.

ரயிலுக்கு முன்

தென்னிந்திய ரயில்வே கம்பெனி திருச்சியிலிருந்து மதுரைக்குப் பாதை போட்டது 1875ல். அடுத்த வருடமே அது தூத்துக்குடி வரைக்கும் போய்விட்டது. தெற்கே துறைமுகம், வடக்கே சென்னை என்று மதுரை இரண்டு பக்கமும் இணைந்துவிட்டது. ஆனால் மேற்கே, மலை அடிவாரத்துக்கு எந்தப் பாதையும் இல்லை.

அந்தக் காலத்தில் போடி, தேனி, பெரியகுளம் பக்கம் இருந்தவர்களுக்குப் பக்கத்து ரயில் நிலையம் என்றால் அம்மையநாயக்கனூர். இப்போது கொடை ரோடு என்று சொல்கிறோமே, அதுதான். போடியிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாக அங்கே போய்ச் சேர வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போகிற வண்டிக்கு அது ஒரு நாளில் முடிகிற பயணம் இல்லை.

சுவாரஸ்யம் என்னவென்றால், கீழே போடிக்கு ரயில் வருவதற்கு முன்பே மலைக்கு மேலே ரயில் வந்துவிட்டது. மூணாறு தேயிலைத் தோட்டக்காரர்கள் 1902ல் குண்டளை பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்றைப் போட்டார்கள். அதை இழுத்தது எஞ்சின் இல்லை, மாடு. 1908ல் அது இரண்டடி அகலக் குறும்பாதையாக மாறி, சின்ன நீராவி எஞ்சின்கள் ஓடின. மூணாறு தேயிலைப் பெட்டிகள் இந்த ரயிலில் மலையின் விளிம்பு வரை வரும். அந்த விளிம்பில் இருந்த நிலையம்தான் டாப் ஸ்டேஷன். இன்று சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கும் இடத்துக்கு அந்தப் பெயர் வந்த காரணம் இதுதான். அங்கிருந்து இரும்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டு பெட்டிகள் கொட்டகுடி பக்கம் இறங்கும். பிறகு வண்டியில் குரங்கணி வழியாக போடி.

அதாவது மேலே ரயில், நடுவில் ரோப்வே, கீழே மாட்டு வண்டி! கீழே சமவெளியில் இருந்த துண்டுதான் மிக மெதுவானது.

1924 ஜூலையில் பெய்த பேய் மழையில் மூணாறு ரயில் அடித்துக்கொண்டு போனது. கேரளத்தில் இன்றும் '99 வெள்ளம்' என்று சொல்வார்களே, கொல்லம் ஆண்டு 1099ல் வந்த அந்த வெள்ளம்தான். அந்த மலை ரயில் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. அது போய் நான்கு வருடம் கழித்துத்தான் போடிக்கு ரயில் வந்தது. இரண்டும் ஒரே காலத்தில் இருந்திருந்தால் மூணாறு தேயிலையின் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

1928: முதல் வருகை

1928ல் மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி. அன்றைய தென்னிந்திய ரயில்வேயின் பெரும்பாலான பாதைகள் இதே அளவுதான் என்பதால் போடி பாதையும் அந்தக் குடும்பத்தில் ஒன்றாகச் சேர்ந்தது.

மதுரையை விட்டால் நாகமலை ஓரமாகப் போய் வடபழஞ்சி, பிறகு உசிலம்பட்டி. உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் நடுவில் கணவாய். பாதையில் கஷ்டமான இடம் இதுதான். பாறையை வெட்டி, மேடு ஏறி இறங்க வேண்டும். ஆண்டிபட்டி தாண்டினால் தேனி, பிறகு போடி.

தேனி இன்று மாவட்டத் தலைநகர். ஆனால் பழைய பெருமை எல்லாம் போடிக்கும் பெரியகுளத்துக்கும்தான். போடி ஜமீன் ஊர், பெரியகுளம் தாலுகா தலைநகர். தேனி வளர்ந்தது சந்தையால். பல பக்கத்துச் சாலைகளும் ரயிலும் சந்திக்கும் இடத்தில் பருத்தியும் மிளகாயும் தானியமும் வந்து குவிந்தால் சந்தை பெரிதாவது இயற்கை. ரயில் பாதை பெரியகுளத்தைத் தொடாமல் தேனி வழியாகப் போனது என்பதையும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும்.

முதல் முறை நின்றது

பாதை திறந்து பதினைந்து வருடம்கூட சரியாக ஓடவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தது. போருக்கு இரும்பு வேண்டும், தண்டவாளம் வேண்டும். புதிதாகச் செய்ய நேரமும் இல்லை, ஆலைகளுக்கு வேறு வேலையும் இருந்தது. அதனால் அன்றைய அரசு ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்தது. இந்தியாவில் வருமானம் குறைந்த கிளைப் பாதைகளைப் பிரித்து எடுத்து வேறு இடத்துக்கு அனுப்புவது. அப்படிப் பிரிக்கப்பட்ட பாதைகளில் மதுரை - போடியும் ஒன்று.

எந்தப் பாதையைப் பிரிப்பது என்று எப்படி முடிவு செய்தார்கள்? கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான். ஒரு பாதை நேராக இரண்டு பெரிய நகரங்களை இணைத்தால் அதில் கை வைக்க முடியாது. ஒரு முனையில் மலை மட்டுமே இருக்கும் முட்டுச் சந்துப் பாதை என்றால் எடுத்துவிடலாம். மற்ற ரயில்களுக்கு எந்த இடைஞ்சலும் வராது. கஷ்டம் அந்தப் பாதையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான்.

சுதந்திரம் வந்தது. ரயில்வே கம்பெனிகள் அரசின் கைக்கு வந்து, 1951ல் தென்னக ரயில்வே உருவானது. 1950களின் முற்பாதியில் போடி பாதையில் மறுபடியும் தண்டவாளம் போடப்பட்டு ரயில் ஓடத் தொடங்கியது. முதல் முறை போனது திரும்பி வந்துவிட்டது. போரில் பிரித்த எல்லாப் பாதைகளுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. சில பாதைகள் போனது போனதுதான்.

ஏலக்காய்க்கு ரயில் தேவையா?

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். போடி என்றால் ஏலக்காய், அதனால் போடி ரயில் ஏலக்காயால்தான் பிழைத்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

ரயிலில் சரக்கு அனுப்புவது எப்போது லாபம்? சரக்கு கனமாக இருக்க வேண்டும், நிறைய இருக்க வேண்டும், கிலோவுக்கு விலை குறைவாக இருக்க வேண்டும். நிலக்கரி, இரும்புத் தாது, சிமெண்ட், நெல், உரம். இவற்றில் போக்குவரத்துச் செலவு கொஞ்சம் ஏறினாலும் விலையில் பெரிய அடி விழும். அதனால்தான் ரயில்.

ஏலக்காய் இதற்கு நேர் எதிர். 2019 ஆகஸ்ட்டில் ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அது உச்சம், எப்போதும் அப்படி இருக்காது. கிலோ 1,000 ரூபாய் என்றே குறைத்து வைத்துக்கொண்டாலும் 50 கிலோ மூட்டை ஒன்று 50,000 ரூபாய். பத்து டன் ஏற்றிய ஒரு லாரியில் ஒரு கோடி ரூபாய் சரக்கு. இந்த வியாபாரிக்கு லாரி வாடகையில் சில ஆயிரம் மிச்சம் பிடிப்பது முக்கியமில்லை. சரக்கு திருடு போகாமல், நனையாமல், ஏற்றி இறக்கிக் கைமாறாமல் நேராகக் கடைவாசலுக்குப் போக வேண்டும். அதற்கு லாரிதான் வசதி.

இன்னொரு வகையில் பார்த்தால், இந்தியாவின் மொத்த ஏலக்காய் விளைச்சலே சமீப வருடங்களில் ஆண்டுக்கு 20 ஆயிரம் டன்னுக்குச் சற்று மேல். ஒரு முழு சரக்கு ரயில் மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு டன் இழுக்கும். எடைக் கணக்கில் பார்த்தால் நாட்டின் ஒரு வருட ஏலக்காய் முழுவதும் ஏழெட்டு ரயிலில் அடங்கிவிடும்! வருடத்துக்கு ஏழு ரயிலுக்காக யாரும் 90 கிலோமீட்டர் பாதை வைத்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் ரயில் யாருக்கு? ஏலக்காயை விற்பவருக்கு இல்லை. அதைப் பறிப்பவருக்கு, சலிப்பவருக்கு, மூட்டை தூக்குபவருக்கு. மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிக்கு, கூட வருகிறவருக்கு. நாகமலை தாண்டி இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் நகரத்துக் கல்லூரிகளுக்கும் போகிற மாணவர்களுக்கு. காய்கறிக் கூடையோடு உசிலம்பட்டியில் ஏறி மதுரையில் இறங்குகிற அம்மாவுக்கு. பஸ் கட்டணத்தில் ஒரு பகுதிதான் பாசஞ்சர் ரயில் கட்டணம். சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்ச் சேரும். கையில் காசு குறைவாகவும் நேரம் கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கிறவர்களின் வண்டி அது.

பணக்கார வியாபாரத்துக்குப் பெயர்போன ஊரில் ரயில் என்பது ஏழைகளின் வசதியாக இருந்தது. போடி ரயிலின் சரித்திரத்தில் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். யாருடைய குரல் சீக்கிரம் டெல்லிக்குக் கேட்கும், யாருடைய குரல் கேட்காது என்பதும்கூட.

தனித் தீவு

1992ல் இந்திய ரயில்வே நாடு முழுக்க ஒரே அகலப் பாதை என்ற திட்டத்தைத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதைகள் எல்லாம் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாக மாற வேண்டும். இது சரியான முடிவுதான். இரண்டு அகலம் இருந்தால் ஒவ்வொரு சந்திப்பிலும் பயணி வண்டி மாற வேண்டும், சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும்.

மதுரையைச் சுற்றி இருந்த பாதைகள் ஒவ்வொன்றாக மாறின. திண்டுக்கல் பக்கம் மாறியது. திருநெல்வேலி பக்கம் மாறியது. மானாமதுரை பக்கம் மாறியது. 2007 ஆகஸ்ட்டில் பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் வரைக்கும் அகல ரயில் போய்விட்டது. கடைசியில் மதுரையில் மிஞ்சிய மீட்டர் கேஜ் பாதை போடி பாதை ஒன்றுதான்.

சுற்றிலும் கடல், நடுவில் ஒரு தீவு மாதிரி. அதன் எஞ்சினும் பெட்டியும் வேறு எந்தப் பாதையிலும் போக முடியாது. பழுது பார்க்கப் பணிமனைக்குக் கொண்டுபோவதுகூட சிரமம். உதிரி பாகங்கள் குறைந்துகொண்டே வரும். போடியிலிருந்து சென்னைக்கு நேர் ரயில் என்பது கனவில்கூட நடக்காது. பாதையை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை.

தேனிக்காரரான இயக்குநர் பாரதிராஜாவின் 1978 படம் ஒன்றின் பெயர் 'கிழக்கே போகும் ரயில்'. தேனியிலிருந்தும் போடியிலிருந்தும் பார்த்தால் ரயில் போகக்கூடிய திசை அது ஒன்றுதான். மேற்கே மலை. கிழக்கே மதுரை. அந்த ஒரே திசையும் 2011 ஜனவரி 1 முதல் அடைபட்டது.

பன்னிரண்டு வருடம்

அகலப் பாதை என்றால் இருக்கிற தண்டவாளத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய தண்டவாளம் எடை தாங்காது. கட்டைகளுக்குப் பதில் கான்கிரீட் ஸ்லீப்பர் வேண்டும். மண் கரையை அகலப்படுத்த வேண்டும். சின்னப் பாலம், பெரிய பாலம் எல்லாவற்றையும் திருப்பிக் கட்ட வேண்டும். வளைவுகளை நேராக்க வேண்டும். கணவாயில் பாறையை மறுபடி உடைக்க வேண்டும். பிளாட்பாரத்தை உயர்த்த வேண்டும். ஆளில்லா லெவல் கிராசிங்குகளுக்கு வழி பண்ண வேண்டும். பழைய பாதை இருந்த இடத்தில் ஒரு புதுப் பாதை போடுவதுதான் இது.

சரி, அதற்குப் பன்னிரண்டு வருடம் ஏன்? 1928ல் இயந்திரங்கள் அதிகம் இல்லாத காலத்தில் போட்ட பாதைதானே?

இதற்குப் பதில் பொறியியலில் இல்லை, பட்ஜெட்டில் இருக்கிறது. ரயில்வே திட்டங்களுக்கு மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுப்பதில்லை. வருடா வருடம் ஒதுக்குவார்கள். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான திட்டங்கள் வரிசையில் நிற்கும்போது, முட்டுச் சந்துப் பாதைக்குக் கிடைப்பது கடைசிப் பந்தி சாப்பாடு. கொஞ்சம் பணம் வரும், கொஞ்சம் வேலை நடக்கும், பணம் தீரும், வேலை நிற்கும். வேலை நிற்கிற காலத்தில் இரும்பு விலை ஏறும், சிமெண்ட் விலை ஏறும், கூலி ஏறும். அடுத்த வருடம் அதே வேலைக்கு அதிகப் பணம் தேவைப்படும். மெதுவாகச் செய்தால் செலவு குறையும் என்பது பொய். மெதுவாகச் செய்வதுதான் அதிகச் செலவு. இதில் மக்கள் பஸ்ஸுக்குக் கொடுத்த கூடுதல் கட்டணம் எந்தக் கணக்கிலும் வராது.

இன்னொன்றும் உண்டு. பழைய பாதை ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் புதுப் பாதை போட்டால், தாமதம் ஆனாலும் ஊருக்கு நஷ்டம் குறைவு. இங்கே முதலில் பழையதை நிறுத்திவிட்டார்கள். நின்ற பிறகு ரயில்வேக்கு அவசரம் இல்லை. ஓடாத ரயிலால் நஷ்டமும் இல்லையே! அவசரம் எல்லாம் ஊர்க்காரர்களுக்குத்தான். தேனி மாவட்டத்தில் இருந்த ஒரே ரயில் பாதை இது. அதனால் அந்த வருடங்களில் ஒரு முழு மாவட்டத்துக்கே பயணிகள் ரயில் இல்லாமல் போனது. வியாபாரிகளும் பொதுமக்களும் மனு கொடுத்தார்கள், ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள், தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி வாங்கினார்கள்.

வேலை துண்டு துண்டாகத்தான் முடிந்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை சுமார் 37 கிலோமீட்டர் 2020 தொடக்கத்தில் தயார். அங்கிருந்து ஆண்டிபட்டி வரை சுமார் 21 கிலோமீட்டர் அதே வருடக் கடைசியில். பிறகு தேனி வரை 17 கிலோமீட்டர். கடைசியாக போடி வரை 15 கிலோமீட்டர்.

இரண்டாவது வருகை

2022 மே 26 அன்று சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் நரேந்திர மோடி மதுரை - தேனி அகலப் பாதையைத் தொடங்கி வைத்தார். 75 கிலோமீட்டர், செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு அறிவித்தது. மறுநாள் முதல் முன்பதிவில்லாத ரயில் தினமும் ஓடத் தொடங்கியது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி நிலையங்களில் ஜனங்கள் கூடி வரவேற்றார்கள். ஏறியவர்களில் பலர் எங்கேயும் போக வேண்டிய வேலை இருந்து ஏறவில்லை. ரயிலில் போக வேண்டும் என்பதற்காகவே குழந்தைகளோடு ஏறினார்கள்.

போடி இன்னும் ஒரு வருடம் காத்திருந்தது. 2022 டிசம்பரில் தேனி - போடி சோதனை ஓட்டம் நடந்தது. 2023 ஜூன் 15 அன்று மத்திய இணை அமைச்சர் எல்.முருகன் போடியில் கொடியசைக்க, சென்னை ரயில் புறப்பட்டது. மதுரை - தேனி ரயிலும் போடி வரை நீண்டது.

சென்னை ரயில் உண்மையில் புது ரயில் இல்லை. ஏற்கனவே சென்னை சென்ட்ரலிலிருந்து மதுரை வரை வாரம் மூன்று நாள் ஓடிய அதிவிரைவு ரயிலை போடி வரை நீட்டினார்கள். காட்பாடி, சேலம், கரூர், திண்டுக்கல் வழி. தென் மாவட்டத்துக்காரர்களுக்கு சென்னை என்றால் எழும்பூர்தான் பழக்கம். விழுப்புரம், திருச்சி வழி. அதனால் சென்ட்ரலில் போய் நிற்பதற்குப் பழக வேண்டியிருந்தது. ஆனாலும் போடியில் ஏறிப் படுத்தால் காலையில் சென்னை என்பது அந்த ஊருக்கு 95 வருட சரித்திரத்தில் முதல் முறை. மீட்டர் கேஜ் காலத்தில் போடி ரயில் மதுரைக்கான ரயில் மட்டுமே.

கால அட்டவணை சொல்லும் உண்மை

இவ்வளவு காத்திருந்து வந்த ரயில் யாருக்கு வசதி என்பதற்கு, 2023ல் அது தொடங்கியபோது போட்ட கால அட்டவணையைப் பார்த்தால் போதும்.

தினசரி ரயில் மதுரையில் காலை 8.20க்குப் புறப்பட்டு போடிக்கு 10.30க்கு வந்தது. சாயங்காலம் 5.50க்கு போடியில் புறப்பட்டு மதுரைக்கு இரவு 7.50க்குப் போனது. இதை மதுரையிலிருந்து பார்த்தால் அருமையான நேரம். காலையில் கிளம்பி, தேனி, போடியில் வேலையை முடித்துவிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம்.

இதையே போடியிலிருந்து பாருங்கள். மதுரைக் கல்லூரிக்குப் போகும் மாணவருக்குக் காலையில் ரயில் இல்லை. பெரியாஸ்பத்திரியில் காலை ஓ.பி. சீட்டு வாங்க வேண்டிய நோயாளிக்கு ரயில் இல்லை. சாயங்காலம் மதுரைக்குப் போகலாம், ஆனால் அங்கே ராத்திரி தங்க வேண்டும். சென்னை ரயிலும் போடியில் புறப்படுவது இரவு எட்டரை மணிக்கு. அதாவது சின்ன ஊரிலிருந்து பெரிய ஊருக்குக் காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டிய சாதாரண தேவைக்கு இந்த அட்டவணை உதவவில்லை. ரயில் பெட்டி ராத்திரி மதுரையில் நின்றால் ரயில்வேக்கு வசதி, சுத்தம் செய்யவும் சரிபார்க்கவும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். பெட்டி போடியில் நின்றால் ஊருக்கு வசதி. இரண்டில் எது ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டணமும் அப்படித்தான். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் ரயில்களுக்கும் எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள். 2022ல் மதுரை - தேனி 45 ரூபாய். முன்பு இருந்த சாதாரணக் கட்டணத்தில் கணக்குப் போட்டால் இதில் பாதிகூட வராது. 2024 பிப்ரவரியில் நாடு முழுக்கச் சாதாரணக் கட்டணம் திரும்பி வந்தபோதுதான் இது பழைய அர்த்தத்தில் ஏழைகளின் வண்டியாக மறுபடி ஆனது.

சின்ன நிலையத்தின் மதிப்பு

போடி மாதிரி ஒரு நிலையத்தின் வரவு செலவைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது லாபம் காட்டுவது கஷ்டம். டிக்கெட் விற்ற பணம் ஒரு பக்கம், ஸ்டேஷன் மாஸ்டர் முதல் தண்டவாளப் பராமரிப்பு வரை செலவு இன்னொரு பக்கம். 1940களில் பிரித்தவர்களும் இந்தக் கணக்கைத்தான் பார்த்தார்கள். 2011க்குப் பிறகு பணம் ஒதுக்காமல் இழுத்தடித்ததற்குப் பின்னால் இருந்ததும் இதே மாதிரிக் கணக்குதான்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் எழுதப்படாத வரவுகள் இருக்கின்றன. பஸ்ஸுக்குக் கொடுக்காமல் மிச்சமான பணம், அந்தப் பணத்தில் தொடர்ந்த ஒரு படிப்பு, நேரத்துக்குப் பார்த்த ஒரு வைத்தியம். இவையெல்லாம் ஊரின் கணக்கில் வரவு, ரயில்வேயின் கணக்கில் வராது. ஏலக்காய் மூட்டைக்கு லாரி இருக்கிறது, தோட்ட முதலாளிக்குக் கார் இருக்கிறது. அந்த மூட்டையைத் தைத்தவருக்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்குத்தான் ரயில் பதில்.

திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு ஒரு பாதை வேண்டும் என்ற கோரிக்கையும் இந்தப் பகுதியில் பல காலமாக இருக்கிறது. அது வருமா, எப்போது வரும் என்பது வேறு கதை. அதற்கு முன்னால் ஏற்கனவே இருக்கிற தண்டவாளத்தில் போடியிலிருந்து விடிகாலையில் மதுரைக்கு ஒரு ரயில் என்பது பெரிய செலவு பிடிக்கிற விஷயம் இல்லை. பாறை உடைக்க வேண்டாம், பாலம் கட்ட வேண்டாம். நேரத்தை மாற்றி எழுதினால் போதும்.

இரண்டு முறை தண்டவாளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு முறையும் ஊர் அதைத் திரும்ப வாங்கியது. இனி வாங்க வேண்டியது காலை ஆறு மணிக்கு ஒரு வண்டி மட்டும்தான்.